இருபது நாள் வேதனை

ஒருவன் மற்றொருவன் முகத்தில் ஓங்கிக் குத்துகிறான். உதடு கிழிந்து குருதி வழிகின்றது. நம் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது ‘காயம்’. அதற்குரிய சிறைத்தண்டனை ஓராண்டுக்கு மேற்படாது. அதே குத்தில் ஒரு பல் பெயர்ந்து விழுமாயின் அது ‘கொடுங்காயம்’ ஆகிவிடும். அப்பொழுது தண்டனை ஏழாண்டு வரை நீளலாம். உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தொலைவு ஓர் அங்குலம்கூட இல்லை. அந்த ஓரங்குலத்தில் ஆறாண்டுச் சிறைவாசம் அடங்கியிருக்கின்றது. இக்கோட்டை வரைந்தவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு வரைந்தார், அது சரிவரப் பயன்பட்டதா என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கில நாட்டுப் பழஞ்சட்டம் பெருங்குற்றங்களைப் ‘பெலனி’ என்றும் சிறுகுற்றங்களை ‘மிஸ்டிமீனர்’ என்றும் பகுத்திருந்தது. பெலனி புரிந்தவன் தன் நிலத்தையும் பொருளையும் இழப்பான் என்பது அப்பகுப்பின் பழைய பொருள். காலப்போக்கில் அப்பொருள் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தே அப்பகுப்பைக் கைவிட்டது. அமெரிக்க நாட்டில் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றியவர்களோ அதனைத் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை. குற்றத்திற்குப் பட்டம் சூட்டுவதை விடுத்து, அடிபட்டவன் உடலை நோக்கினார்கள். எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், எத்தனை நாள் வலி என்று கேட்டார்கள்.

இவ்வாறு கேட்டவர்களில் அவர்கள் முதல்வர் அல்லர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் மூன்றாம் அதிகரணத்தில் ‘தண்டபாருஷ்யம்’ என்றொரு பகுதி உண்டு. தொடுதல், ஓங்குதல், அடித்தல் என்று உடல்மேல் செய்யும் கொடுமைகளை அது மூவகையாக்குகின்றது. ஒத்த நிலையினர் ஒருவர்மேல் ஒருவர், தொப்புளுக்குக் கீழே, கையாலோ சேற்றாலோ சாம்பலாலோ புழுதியாலோ தீண்டினால் 3 பணம். எச்சில் முதலிய அசுத்தத்தால் என்றால் 6. மலம், மூத்திரம் போன்றவற்றால் என்றால் 12. தொப்புளுக்கு மேலே இரட்டிப்பு. தலையில் நான்கு மடங்கு. கை, கால், பல் ஆகியவற்றை உடைத்தாலும் காதையோ மூக்கையோ அறுத்தாலும் முதல்நிலைச் சாகசத் தண்டம். தொடையையோ கழுத்தையோ முறித்தாலும், கண்ணைக் குத்தினாலும், பேச்சும் நடமாட்டமும் உணவும் தடைப்படும்படி செய்தாலும் நடுநிலைத் தண்டம். அதனோடு, அடிபட்டவன் மீண்டு எழும் வரை ஆகும் செலவையும் அடித்தவனே தரவேண்டும். இந்தக் கடைசி விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதே பகுதியில் இன்னொரு நுட்பமும் இருக்கின்றது. இருவர் சண்டையிட்டால், முதலில் முறையிட வந்தவனே வெல்பவன். பொறுக்கமாட்டாமல்தானே ஓடிவந்தான் என்பது பழைய ஆசிரியர் கொள்கை. கௌடிலியர் இதனை மறுக்கின்றார். முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் சாட்சியே சான்று. சாட்சி இல்லையேல் காயமே சான்று என்பது அவர் துணிபு. அடிதடி வழக்குகளில் இரு தரப்பினரும் காவல் நிலையத்தை நோக்கி ஓட்டப் பந்தயம் ஓடுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும் அந்நூலை முழுதும் போற்றிவிட முடியாது. உயர்ந்தோரை அடித்தால் இரட்டிப்பு, தாழ்ந்தோரை அடித்தால் பாதி என்று அது தண்டத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதியது. பிராமணனைச் சூத்திரன் எந்த உறுப்பால் அடித்தானோ அந்த உறுப்பை வெட்டுக என்றும் எழுதியது. காயத்தை அளந்த கோல் ஒன்று. ஆளை அளந்த கோல் வேறொன்று.

கம்பெனி ஆட்சி வந்தபோது வங்காளத்தில் குற்றவியல் நீதி இசுலாமியச் சட்டத்தின்படி நடைபெற்று வந்தது. பழிக்குப் பழியும் ஈட்டுப்பொருளும் அதன் உறுப்புகள். சில குற்றங்களுக்கு அங்கச்சேதமும் உண்டு. காரன்வாலிஸ் பிரபு 1791-இல் அங்கச்சேதத்தை நிறுத்தினார். இரண்டு உறுப்புகளை இழக்கவேண்டிய குற்றவாளிக்குப் 14 ஆண்டும், ஓர் உறுப்பை இழக்கவேண்டியவனுக்கு 7 ஆண்டும் கடுங்காவல் என்று மாற்றினார். உறுப்புக்கு இத்தனை ஆண்டு என்ற கணக்கு அன்று தொடங்கியது.

எனினும் மாகாணத்துக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு வழக்கம் என்ற குழப்பம் நீங்கவில்லை. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் ஒரு சட்டக் குழுவுக்கு வழிவகுத்தது. அதன் தலைவராக வந்த மெக்காலே 1834 ஜூன் மாதத்தில் சென்னையில் கரையிறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு அப்பொழுது உதகையில் தங்கியிருந்தமையால், பல்லக்கில் ஏறி பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரிக்குச் சென்றார். பின்னர்க் கல்கத்தாவில் அமர்ந்து எழுதினார். உடன் இருந்த உறுப்பினர்களில் மக்ளியாட் என்பவர் சென்னை மாகாணத்தவர். மற்றவர்கள் நோய்வாய்ப்பட்டமையால் வரைவின் பெரும்பகுதி மெக்காலேயின் கைவண்ணமே ஆயிற்று. 1837 அக்டோபரில் வரைவு அரசிடம் அளிக்கப்பட்டது. அது இருபத்துமூன்று ஆண்டுகள் உறங்கியது. 1857-இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின், பார்ன்ஸ் பீகாக் என்னும் நீதிபதியின் திருத்தங்களுடன் 1860 அக்டோபர் 6-ஆம் நாள் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே அதனைக் காணவில்லை. 1859 டிசம்பரிலேயே மறைந்தார்.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. அர்த்தசாஸ்திரச் சுவடி மைசூரில் சாமசாஸ்திரியார் கண்ணில் பட்டது 1905-இல், அச்சேறியது 1909-இல். ஆகவே மெக்காலேயும் பீகாக்கும் கௌடிலியரின் அட்டவணையைக் கண்டவர்கள் அல்லர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாமல், இரு சாராரும் பல்லையும் கண்ணையும் காதையும் எலும்பையும் எண்ணிப் பட்டியல் இட்டிருக்கின்றனர்.

பெருங்காயத்துக்கும் சிறுகாயத்துக்கும் இடையே பிழையற்ற கோடு வரைய இயலாது என்பதை மெக்காலே தம் குறிப்புரையிலேயே ஒப்புக்கொண்டார். கொலைக்கு நெருங்கிய கொடுமையையும் நல்ல மனிதன் சிரித்துவிட்டுப் போகும் விளையாட்டையும் ஒரே பெயரால் அழைப்பதைவிட, கரடுமுரடாகவேனும் ஒரு கோடு இருப்பது மேல் என்பது அவர் வாதம். சட்டத்தில் அக்கோடு எட்டு வகையாக அமைந்தது. ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வை நிலையாகக் கெடுதல், ஒரு காதின் கேள்வி நிலையாகக் கெடுதல், உறுப்போ மூட்டோ இழத்தல், அவற்றின் ஆற்றல் நிலையாகக் குன்றுதல், தலையோ முகமோ நிலையாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது பெயர்தல். எட்டாவதுதான் விந்தையானது: உயிருக்கு ஆபத்தை விளைக்கும் காயம், அல்லது இருபது நாள் கடும் உடல்வேதனையில் ஆழ்த்தும் காயம், அல்லது இருபது நாள் தன் வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாமல் ஆக்கும் காயம்.

இக்கோட்டுக்கு இருபுறமும் தண்டனைகள் படிப்படியாக அடுக்கப்பட்டன. வெறுங்கையால் காயம் விளைத்தால் ஓராண்டு. கத்தி, துப்பாக்கி, தீ, நஞ்சு, அரிக்கும் பொருள் போன்றவற்றால் என்றால் மூன்றாண்டு. கொடுங்காயத்துக்கு ஏழாண்டு, அதனையே ஆபத்தான கருவியால் விளைத்தால் பத்தாண்டு அல்லது ஆயுட்காலம். எதிரியின் கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் மதியிழந்து அடித்தவனுக்குக் காயமாயின் ஒரு மாதம், கொடுங்காயமாயின் நான்காண்டு என்று சட்டம் இரக்கமும் காட்டியது. உடலைத் தொடாமலே கூடக் குற்றம் உண்டு. முட்டியை ஓங்குவதும், கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் ‘தாக்க முனைதல்’ ஆகும் என்று எடுத்துக்காட்டுகள் கூறுகின்றன. வெறும் சொல் மட்டும் அக்குற்றம் ஆகாது. ஒருவர் ஏறிச்செல்லும் பல்லக்கின் தண்டைப் பிடித்து நிறுத்துவது ‘குற்றமுறு வன்முறை’ என்றும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல்லக்கில் நானூறு மைல் சென்றவர் தலைமையில் பிறந்த சட்டமல்லவா!

வாழ்க்கையிலோ இக்கோடு காகிதத்தில் உள்ளதுபோல் நேராக ஓடுவதில்லை. முதலாவதாக, நடந்த கேடு மட்டும் போதாது; கொடுங்காயம் விளைக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ அடித்தவனுக்கு இருந்திருக்க வேண்டும். முகத்தை உருக்குலைக்க நினைத்து அடித்தான். உருக்குலையவில்லை, இருபது நாள் கடும்வலி மட்டுமே உண்டாயிற்று என்றாலும் அவன் கொடுங்காயம் விளைத்தவனே என்பது சட்டம் தரும் எடுத்துக்காட்டு. நினைத்தது ஒரு வகை, நேர்ந்தது வேறு வகை. இரண்டும் கோட்டுக்கு அப்பால் இருந்தால் போதும். ஆனால் கன்னத்தில் ஓர் அறை விட்டவன், பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததை அறியாதவனாயின், அவன் வழக்கறிஞர்க்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு.

இரண்டாவதாக, இருபது நாள் என்பதை யார் எண்ணுவது? மருத்துவமனையில் இருபது நாள் படுத்திருந்தான் என்ற பதிவு மட்டும் போதாது. அத்தனை நாளும் கடும்வேதனை இருந்தது, அல்லது அலுவலைச் செய்ய இயலவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லி வந்துள்ளன. கூலி வேலை செய்பவன் பதினைந்தாம் நாளே வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகின்றான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. வசதியுள்ளவன் இருபத்தைந்து நாள் படுத்திருக்க முடியும். ஒரே காயம் ஏழையின் உடலில் சிறிதாகவும் செல்வன் உடலில் பெரிதாகவும் ஆகிவிடும் இக்கோணலை அளவுகோல் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எலும்பு முறிவைப் பொறுத்தவரை 1970-இல் உச்சநீதிமன்றம் ஒரு தெளிவு தந்தது. எலும்பு முற்றிலும் துண்டாக வேண்டியதில்லை. வெட்டாலோ சிதைவாலோ பிளவாலோ உடைந்திருந்தால் போதும் என்றது.

அளவுகோல் எவ்வளவு செம்மையாயினும் அதனைப் பிடிக்கும் கை கோணினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ராவில் 1875-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். ஃபுல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை குடும்பத்துடன் தேவாலயம் செல்லப் புறப்பட்டார். வண்டி வந்து நின்றது. குதிரைக்காரர் கத்வாரு உடனே அங்கு இல்லை. வந்ததும் ஃபுல்லர் அவரைத் தலையில் அடித்து மயிரைப் பிடித்து இழுத்தார், அவர் கீழே விழுந்தார், எழுந்து அடுத்த வளவுக்குள் சென்றார், இறந்தார். மண்ணீரல் வெடித்திருந்தது. மலேரியா நலிந்த நிலத்தில் மண்ணீரல் வீங்கியிருப்பது மிகப் பலருக்கு இயல்பு. அடி சிறிது, மண்ணீரல் பெரிது என்பதே எதிர்வாதம். மாஜிஸ்திரேட் அதனை ஏற்றார். விளைந்தது காயம் மட்டுமே எனத் தீர்மானித்து 30 ரூபாய் அபராதம் விதித்தார். கட்டாவிட்டால் பதினைந்து நாள் வெறுங்காவல். அபராதப் பணத்தை விதவைக்குத் தரச் சொன்னார்.

சட்ட நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் இத்தீர்ப்பைக் குறை சொல்வது எளிதன்று. உயர்நீதிமன்றமும் தண்டனை சற்றுக் குறைவு என்றதே தவிரத் தலையிடவில்லை. நோயாளி என்று அறிந்து அடித்தால் ஒன்று, அறியாமல் அடித்தால் வேறொன்று என்பது சட்டத்தின் முறைதான். ஆனால் அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, பணியாளர்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்த ஒருவர், அம்மக்களின் மண்ணீரல் எந்நிலையில் இருக்கும் என்பதை அறியாதவர் என்று நம்ப வேண்டுமா? கவர்னர் ஜெனரல் லிட்டன் பிரபு 1876 ஜூலையில் ஒரு குறிப்பாணை வெளியிட்டு மாஜிஸ்திரேட்டைக் கண்டித்தார். உயர்நீதிமன்றத்தின் போக்கையும் குறை கூறினார். ஆங்கிலேயப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. எட்டு வகைக் கொடுங்காயமும் ஆளுக்கு ஆள் வேறுபடாமல் எழுதப்பட்டவை. கௌடிலியர் வெளிப்படையாக எழுதிய வேற்றுமையைப் புதிய சட்டம் எழுத்தில் நீக்கியது. நீதிமன்ற அறையில் அது மண்ணீரலின் வழியாக மீண்டும் நுழைந்தது.

இனி, எதிர்வாதங்களுள் தலையாயது தற்காப்புரிமை. இந்நாட்டு மக்கள் கொள்ளையரையும் அடியாட்களையும் எதிர்க்காமல் பொறுத்துப் போகின்றனர் என்றும், அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டும் என்றும் மெக்காலேயின் குறிப்புரை கருதியது. நம்மைப்பற்றிய அவருடைய பல கருத்துகளைப்போல இதுவும் பாதி அறியாமை, பாதி ஆணவம். ஆனால் அந்த ஆணவத்திலிருந்து பிறந்த விதி நமக்குப் பெருநன்மையாய் முடிந்தது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்க ஒருவன் எதிர்த்தடிக்கலாம். அச்சம் நியாயமாகத் தோன்றிய கணத்திலேயே உரிமை தொடங்கிவிடும். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்குபவன் பித்தனாயினும் உரிமை குறையாது. சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கும் அது விரியும். வரம்புகள் இரண்டு: காவலரை அழைக்க நேரம் இருந்தால் அடிக்கும் உரிமை இல்லை, தேவைக்கு மிஞ்சிய கேடு விளைக்கவும் உரிமை இல்லை.

மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் 1950 மார்ச் 5-ஆம் நாள், சிந்து நாட்டிலிருந்து வந்த அகதிகளுக்கும் உள்ளூர் முசுலிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. கூட்டம் ஒரு முசுலிம் கடைக்காரரின் கட்டடத்துக்கு வந்து, அடுத்த பகுதியில் இருந்த அவர் சகோதரர் கடையைச் சூறையாடிற்று. பின்னர் இவர் பகுதிக் கதவைத் தடிகளால் இடிக்கத் தொடங்கிற்று. உள்ளே குடும்பம் இருந்தது. அவர் துப்பாக்கியால் இருமுறை சுட்டார். ஒருவர் மாண்டார், மூவர் காயமுற்றனர். செஷன்ஸ் நீதிமன்றம் கொலை என்றது. உயர்நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. 1952-இல் உச்சநீதிமன்றத்தில் விவியன் போஸ் முதலிய நீதிபதிகள் அவரை விடுவித்தனர். கதவு உடையும்வரை அவர் காத்திருந்திருக்க வேண்டுமா? உடைந்தபின் காலம் கடந்திருக்கும். இத்தகைய நொடியில் மனிதன் எடுக்கும் முடிவைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குடியரசு பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன; பிரிவினையின் புண் ஆறவில்லை. அந்நிலையில் நடந்த செயலுக்கு இத்தீர்ப்பு வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்நீதிபதிகள் மேல் மதிப்பு உயர்கின்றது.

தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்றாலும், ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக் கூடியது என்று காட்டினால் போதும். அவர் வாய்திறந்து கேட்காவிட்டாலும், சாட்சியத்திலேயே அது புலப்பட்டால் நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்று தில்லி நிலத் தகராறு ஒன்றில் 1968-இல் தீர்ப்பாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் உடலில் உள்ள காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தரவில்லையேல் அதன் கதையை ஐயுற இடமுண்டு என்று 1976-இல் இன்னொரு தீர்ப்பு. காயமே சான்று என்ற பழைய சூத்திரம் இவற்றில் உயிர்பெறுவதைக் காணலாம்.

அளவுகோலின் பெருங்குறை வெளிப்பட்டது அமில வீச்சில். அரிக்கும் பொருளை 1860-இன் சட்டம் அறிந்தேயிருந்தது. ஆனால் உருக்குலைவு என்பதைத் தலைக்கும் முகத்துக்கும் மட்டுமே அது வகுத்திருந்தது. கழுத்தும் மார்பும் தோளும் வெந்து போன பெண், தன் துயரை எட்டாம் வகையின் உயிராபத்துக்குள்ளோ இருபது நாளுக்குள்ளோ திணித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆயுள் முழுவதும் தொடரும் வேதனைக்கு இருபது நாள் என்ன அளவு? 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் அமில வீச்சைத் தனிக்குற்றமாக்கியது. உடலின் எப்பகுதியாயினும் ஒன்றே என்றது. குறைந்த தண்டனை பத்தாண்டு, மிகுதி ஆயுட்காலம். அபராதம் மருத்துவச் செலவை ஈடுகட்டும் அளவினதாக இருக்கவேண்டும், அதுவும் பாதிக்கப்பட்டவர்க்கே சேரவேண்டும் என்றும் விதித்தது. மீண்டு எழும் செலவை அடித்தவன் தரவேண்டும் என்ற கௌடிலியரின் விதி, தண்டனைச் சட்டத்துக்குள் நுழைய 1862-இலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. எட்டு வகைகளும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. நிலையான ஊனத்தையோ நினைவற்ற நிலையையோ விளைத்தால் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்பது புதிது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இனம், சாதி, மொழி போன்ற காரணம் பற்றிக் கொடுங்காயம் விளைப்பதும் தனிக்குற்றம் ஆகியிருக்கின்றது. இருபது நாள் என்பது பதினைந்து நாளாகக் குறைந்துள்ளது. நம் சட்டத்தைப் பார்த்துத் தம் சட்டத்தை எழுதிக்கொண்ட சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய இருபது நாள் கணக்கே நிற்கின்றது.

புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை முதல் நாள். அதற்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் பழைய சட்டத்தின்படியே விசாரிக்கப்படும். ஆகவே ஜூன் 30 மாலையில் அடிபட்டுப் பதினேழு நாள் துடித்தவரின் வழக்கு காயம்; மறுநாள் காலையில் அதே போல் அடிபட்டு அதே பதினேழு நாள் துடித்தவரின் வழக்கு கொடுங்காயம். இரண்டு கட்டுகளும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே மேசையில், ஒரே நாளில் அழைக்கப்படக் கூடியவை.